பிளேட் பிளாக் சேகரிப்பவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

1918இல் அமெரிக்கா வெளியிட்ட 24 சென்ட் விமானத் தபால்தலைக்குச் சிவப்புச் சட்டம் ஒரு தகட்டிலும், நீல விமானம் இன்னொரு தகட்டிலும் இருந்தன. அதனால் தாள் இரண்டு முறை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு முறை தலைமாறிப் போன தாளில் நூறு தபால்தலைகளிலும் விமானம் கவிழ்ந்து விழுந்தது. மக்கள் கைக்கு வந்தது அந்த ஒரு ஷீட்தான். அதிலிருந்து நான்கு தபால்தலைகள் கொண்ட ஒரு துண்டு 2021இல் சாத்பீஸ் ஏலத்தில் சுமார் 49 லட்சம் டாலருக்குப் போனது. அதன் ஓரத்தில் விமானத் தகட்டின் எண்ணான 8493 நீலத்தில் இருக்கிறது, அதுவும் தலைகீழாக. அந்த ஷீட்டில் அந்த எண்ணோடு இருக்கும் துண்டு அது ஒன்றுதான்.

இப்படி அச்சுத் தகட்டின் எண் உள்ள ஓரத்தாளோடு சேர்ந்திருக்கும் தபால்தலைத் துண்டுதான் பிளேட் பிளாக். அதன் ஈர்ப்பே இதுதான். எந்தத் தகட்டிலிருந்து, ஷீட்டின் எந்த இடத்திலிருந்து ஒரு தபால்தலை வந்தது என்பதற்கு அந்த ஓரத்தாள் சாட்சி. சேகரிப்பில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்தச் சாட்சியைக் கெடுப்பவைதான்.

முதல் தவறு, எத்தனை தபால்தலை வேண்டும் என்று பார்க்காமல் கிழிப்பது. பிளேட் பிளாக் என்றாலே நான்கு என்று பலர் நினைக்கிறார்கள். தட்டையான தகடுகளில் அச்சடித்த பழைய வெளியீடுகளில் எண் ஷீட்டின் ஓரத்தில் நடுவாக்கில் வரும். அப்போது வழக்கம் ஆறு, அதாவது எண் உள்ள ஓரத்தை ஒட்டி மூன்று, அடுத்த வரிசையில் மூன்று. செப்பலின் என்ற வான்கப்பலுக்காக 1930இல் வந்த விமானத் தபால்தலைகளுக்கும் ஆறுதான் கணக்கு. வளைந்த தகடு சுழன்று அச்சடிக்கும் சுழல் அச்சு வந்த பிறகு எண் மூலைக்குப் போனது, நான்கு போதும் என்றானது. அப்புறம் 1970களில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் எண் ஓரம் நெடுகப் பரவியது. பத்து, பன்னிரண்டு, இருபது என்று பிளாக் நீண்டது. 1973இல் அஞ்சல் ஊழியர்களுக்காக வந்த பத்துப் படத் தொடரில் முழு பிளாக் என்றால் இருபது. அதில் நான்கை மட்டும் கிழித்து வைத்தால் அது பிளேட் பிளாக் ஆகாது. 1981இல் எண் முறை மாறி, வண்ணத்துக்கு ஓர் இலக்கம் என்று எண்கள் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகு பெரும்பாலும் மீண்டும் நான்குக்கு வந்தது.

தலைகீழ் விமானத் துண்டிலும் நான்குதானே என்று கேட்கலாம். அது முதலில் எட்டாக இருந்து பிறகு குறைக்கப்பட்டது. உலகில் ஒன்றே ஒன்று என்பதால் அதற்கு விலை குறையவில்லை. நம் கையில் இருப்பதற்கு அந்தச் சலுகை கிடைக்காது. எனவே தபால்தலை விலைப்பட்டியலான கேட்டலாக்கில் அந்த வெளியீட்டுக்கு எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஷீட்டை அப்படியே வைத்திருங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

ஓரத்தில் எதாவது அச்சாகியிருந்தால் அதுவே பிளேட் பிளாக் என்று நம்புவதும் உண்டு. 1964 ஜனவரியில் வந்த சாம் ஹூஸ்டன் தபால்தலையிலிருந்து அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பரப்ப வந்த மிஸ்டர் ஜிப் என்ற தபால்காரர் உருவம் ஓரத்தில் இடம்பிடித்தது. காப்புரிமை பற்றிய வாசகங்களும் அப்படி வந்தவை. அவற்றைத் தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல பிரிவுதான். ஆனால் எண் இல்லாததை பிளேட் பிளாக் விலைக்கு வாங்காதீர்கள்.

ஒரே தபால்தலைக்கு நான்கு மூலைகளின் பிளாக்குகளையும் சேர்க்கும் தொகுப்பில் வெவ்வேறு தகட்டு எண்கள் கலந்துவிடுவது இன்னொரு தவறு. சுழல் அச்சில் வந்த நினைவுத் தபால்தலைகள் பெரும்பாலும் 200 கொண்ட தாளாக அச்சாகி, ஐம்பது ஐம்பதாக நான்கு ஷீட்டாக வெட்டப்பட்டன. ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரு மூலையில்தான் எண் இருக்கும். நான்கு மூலைகளும் ஒரே எண்ணில் இருந்தால்தான் தொகுப்பு பொருந்தும்.

அடுத்தது பசை. பிளாக்கின் பின்னால் ஹிஞ்ச், அதாவது ஆல்பத்தில் பொருத்த உதவும் சிறு பசைத்தாள், ஒட்டாதீர்கள். துளைக்கோடு பிரிகிறது என்று ஹிஞ்சால் தாங்கல் கொடுப்பதும் வேண்டாம். 1973 அஞ்சல் ஊழியர் தொடரில் பின்பக்கத்திலும் வாசகம் அச்சாகியிருக்கிறது. ஹிஞ்ச் அதையும் மறைத்துவிடும். பக்கத்தில் இடம் போதவில்லை என்று ஓரத்தாளை மடிப்பது, வெட்டிச் சமப்படுத்துவது இரண்டும் கூடாது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரியான கடலோர ஊர்களில் ஈரக்காற்றே பசையை இளக்கிவிடும். பிளாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையில் தனித்தனியாகப் போட்டு, ஆல்பத்தை நிற்க வைப்பது நல்லது. பி.வி.சி. உறைகள் நாளடைவில் கசியும், வேண்டவே வேண்டாம்.

விலை பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பிளேட் பிளாக்குகளை முதலீடு என்று நினைத்து ஏராளமானோர் சேர்த்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. 1861க்குப் பின் வந்த அமெரிக்கத் தபால்தலைகள் இன்றும் செல்லும். அதனால் அந்த பிளாக்குகள் முகமதிப்புக்கும் குறைவாகக் கைமாறி உறைகளில் ஒட்டப்படுகின்றன. கேட்டலாக்கில் ஒரு தொகை போட்டிருக்கிறதே என்றால், அதில் வியாபாரி எடுத்துவைத்து விற்கும் செலவும் சேர்ந்திருக்கிறது. போருக்குப் பிந்தைய பிளாக்குகளைப் பிடித்திருந்தால் வாங்குங்கள், லாபத்துக்காக வேண்டாம்.

போருக்கு முந்தையவற்றில் பணம் போடுவதாக இருந்தால் பசையை உற்றுப் பாருங்கள். பழைய பசை போனதை மறைக்கப் புதிதாக மறுபசை பூசியிருந்தால் துளை நுனிகளில் பசை ஏறி விறைப்பாக இருக்கும். விலை கூடினால் நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற இடத்தின் சான்றிதழோடு வருவதையே வாங்குங்கள்.

இப்போது வரும் ஒட்டுத்தாள் தபால்தலைகளில் பின்தாளை உரிக்காதீர்கள். இருபது கொண்ட ஷீட்டில் எண் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் மூலையை வெட்டாமல் முழு ஷீட்டாகவே வைத்துக்கொள்ளலாம், விலை ஒன்றும் பெரிதல்ல.