ரியூட்டரி இல்லாமல் ஜீமேட்: கிழக்கிலிருந்து தயாராவோருக்கான வழிமுறை

கல்முனையில் ஒரு வங்கியிலோ செங்கலடியில் ஒரு பாடசாலையிலோ வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க எண்ணுபவர்கள், அதற்கான அனுமதிப் பரீட்சையான ஜீமேட்டுக்கு எந்த ரியூட்டரியில் சேர்வது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். வார இறுதிதோறும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வரும் களைப்பையும் செலவையும் கணக்கிட்டால், அந்த நேரத்தை வீட்டிலேயே முறையாகப் பயன்படுத்துவது மேல் என்பது என் கருத்து. இப்பரீட்சைக்கு வேண்டிய கணிதம் பெரும்பாலும் க.பொ.த. சாதாரண தரத்தைத் தாண்டாது. தமிழ்மொழி மூலம் படித்தவருக்கு நாள் எடுப்பது ஆங்கிலத்தில் விரைந்து வாசிப்பதும், ஒரு வாதத்தில் எது சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்று காண்பதுமே ஆகும்.

படி 1: பரீட்சையின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள்

விண்ணப்பிக்கப்போகும் கல்லூரி ஜீமேட்டைத்தான் கேட்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பல கல்லூரிகள் ஜீ.ஆர்.ஈ. என்ற வேறோர் அனுமதிப் பரீட்சையையும் ஏற்கின்றன, உள்நாட்டு எம்.பி.ஏ. கற்கைநெறிகள் சிலவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகமே தெரிவுப் பரீட்சை நடத்துகிறது.

இப்போதைய ஜீமேட் 2023 நவம்பரில் அறிமுகமான வடிவமாகும். கணிதப் பகுதியில் 21 வினாக்கள், மொழிப் பகுதியில் 23, தரவுப் பகுதியில் 20 என மொத்தம் 64 வினாக்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடங்கள். மூன்றையும் எந்த ஒழுங்கில் எழுதுவது என்பதை நீங்களே தெரிவுசெய்யலாம். மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை அமையும், மூன்று பகுதிகளுக்கும் சம நிறை உண்டு. கல்குலேட்டர் தரவுப் பகுதியில் மட்டுமே கிடைக்கும் என்பதால், பின்னங்களையும் சதவீதங்களையும் கையால் செய்யும் பழக்கத்தை இன்றே மீட்டெடுக்க வேண்டும்.

யாரோ ஒருவர் கொடுத்த பழைய வழிகாட்டி நூல் கையில் இருந்தால் அதை எறிந்துவிட வேண்டாம். அதிலுள்ள வாக்கியத் திருத்தம், கேத்திரகணிதம், கட்டுரை ஆகியவை இப்போது கேட்கப்படுவதில்லை. கிரகித்தல், வாதத்தை ஆராயும் வினாக்கள், எண்கணிதம், அட்சரகணிதம் ஆகியவை இன்றும் அப்படியே பயன்படும்.

படி 2: படிக்கத் தொடங்குமுன் ஒரு மாதிரிப் பரீட்சை

பரீட்சையை நடத்தும் அமைப்பின் எம்.பி.ஏ. டொட் கொம் தளத்தில் இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை இப்போதே, எந்த ஆயத்தமும் இல்லாமல், நேரம் வைத்து எழுதுங்கள். மற்றதை இறுதி மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். முதற்புள்ளி குறைவாக வருவது இயல்பே. எந்தப் பகுதியில் நேரம் போதவில்லை, எந்தப் பகுதியில் விடயமே தெரியவில்லை என்ற வேறுபாட்டை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வாசிப்பை முதலாம் நாளிலேயே தொடங்குங்கள்

கணிதத்தை ஆறு வாரத்தில் மீட்டலாம், ஆனால் வாசிப்பு வேகம் அவ்வளவு விரைவில் வராது. ஆகவே வேறு எதைத் தள்ளிப்போட்டாலும், நாளொன்றுக்கு அரை மணித்தியாலம், உங்களுக்குப் பழக்கமில்லாத துறையொன்றைப் பற்றிய நீண்ட ஆங்கிலக் கட்டுரையை வாசியுங்கள். ஒவ்வொரு பந்தியும் முடிந்ததும் நிறுத்தி, எழுத்தாளர் இப்பந்தியை ஏன் இங்கே வைத்தார் என்று தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். பந்தி என்ன சொல்கிறது என்பதை எழுதுவது வேறு, அது என்ன வேலை செய்கிறது என்பதை எழுதுவது வேறு; வினாக்கள் பெரும்பாலும் இரண்டாவதையே சோதிக்கின்றன. ஓரிரு மாதங்களில் அந்தத் தமிழ் வரியை விட்டுவிட்டு மனதுக்குள் ஆங்கிலத்திலேயே குறித்துக்கொள்ளப் பழக வேண்டும், ஏனெனில் மொழிப் பகுதியில் ஒரு வினாவுக்குச் சராசரியாக இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது.

வாதத்தை ஆராயும் வினாக்களுக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: “புதிய உரத்தைப் பயன்படுத்திய அம்பாறை விவசாயிகளின் விளைச்சல் இப்போகத்தில் கூடியது, ஆகவே அந்த உரமே காரணம்.” இந்த முடிவு, வேறெதுவும் மாறவில்லை என்ற சொல்லப்படாத எடுகோளின்மேல் நிற்கிறது. பழைய உரத்தையே இட்ட அயல் வயல்களிலும் விளைச்சல் அதேயளவு கூடியது என்ற விடை அவ்வாதத்தைப் பலவீனப்படுத்தும். உரத்தின் விலை அதிகம் என்ற விடை உண்மையாக இருந்தாலும் அதைத் தொடாது. விடைகளைப் பார்க்குமுன் எடுகோளை நீங்களே கண்டுவிட்டால், ஐந்து விடைகளுக்கிடையே அலையவேண்டிய தேவை குறையும்.

படி 4: தரவு போதுமா என்ற வினாவகை

நம் பாடசாலைக் கணிதத்தில் இதற்கு நிகரான வகை இல்லாததால், புதியவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு வினாவும் இரண்டு கூற்றுகளும் தரப்படும். நீங்கள் விடையைச் சொல்ல வேண்டியதில்லை. விடை காண எந்தக் கூற்று போதும் என்பதையே சொல்ல வேண்டும்.

சிறிய தயிர்ச் சட்டி 300 ரூபா, பெரியது 500 ரூபா என்று விற்கும் கடையில் நேற்று எத்தனை பெரிய சட்டிகள் விற்றன என்று வினா. கூற்று 1: மொத்த விற்பனை 1900 ரூபா. கூற்று 2: மொத்தம் 5 சட்டிகள் விற்றன.

இரண்டு தெரியாக் கணியங்கள் இருப்பதால் இரண்டு சமன்பாடுகள் வேண்டும், ஆகவே இரு கூற்றுகளும் சேர்ந்தால்தான் போதும் என்றே பலர் விடையளிப்பார்கள். அது பிழை. சட்டிகளின் எண்ணிக்கை முழு எண்ணாகவே இருக்க முடியும். பெரிய சட்டி ஒன்றுமில்லையென்றால் 1900ஐ 300ஆல் வகுக்க வேண்டும், மீதி வரும்; ஒன்றென்றால் எஞ்சும் 1400க்கும் மீதி வரும்; இரண்டென்றால் எஞ்சும் 900க்குச் சரியாக மூன்று சிறிய சட்டிகள்; மூன்றென்றால் எஞ்சும் 400க்கு மீண்டும் மீதி; நான்கு பெரிய சட்டிகளின் விலை 1900ஐத் தாண்டிவிடும். ஒரே விடைதான் சாத்தியம் என்பதால் கூற்று 1 தனியாகவே போதும். கூற்று 2 தனியாகப் போதாது.

ஒவ்வொரு கூற்றையும் மற்றதை மறந்துவிட்டுத் தனியே சோதிக்கும் ஒழுக்கத்தை இங்கிருந்து பழகுங்கள். எண்கள் முழு எண்களா, பூச்சியமோ மறை எண்ணோ வரலாமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அட்டவணை, வரைபு சார்ந்த ஏனைய தரவு வினாக்கள் பயிற்சியோடு பிடிபட்டுவிடும். பல பாகங்கள் கொண்ட வினாவில் எல்லாப் பாகங்களும் சரியானால்தான் புள்ளி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 5: தவறுக் கொப்பி

சுயமாகப் படிப்பவருக்கு ஆசிரியர் இடத்தில் இருப்பது இந்தக் கொப்பிதான். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும், பிழையான விடை ஏன் சரியாகத் தோன்றியது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். “கவனக்குறைவு” என்று எழுதுவது பயனற்றது. “குறைந்தது என்பதை அதிகபட்சம் என்று வாசித்தேன்” என்பது பயனுள்ளது. ஊகித்துச் சரியாகிப்போனவையும் இதில் சேர வேண்டும். பத்து நாள் கழித்து அதே வினாக்களை விளக்கம் பார்க்காமல் மீண்டும் செய்யுங்கள். நாளுக்கு ஐம்பது வினா செய்து கடந்து போவதைவிட, பதினைந்து செய்து இப்படி ஆராய்வதையே நான் பரிந்துரைப்பேன். வேலை செய்பவருக்கு வாரம் பத்து மணித்தியாலம் வீதம் நான்கு மாதங்கள் நியாயமான கால அளவாகும்.

படி 6: நேரப் பயிற்சியும் பதிவும்

கடைசி மாதத்தில் 45 நிமிடப் பகுதிகளாகவே பயிற்சி செய்யுங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றலாம். வினாக்களை எழுதாமல் விடுவதற்குத் தண்டனை உண்டு. ஆகவே மூன்று நிமிடம் கடந்தும் பிடிபடாத வினாவில் ஊகித்துவிட்டு நகர்வதே சரி.

பதிவுக் கட்டணம் டொலரில் செலுத்தப்படுவதால், வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்யக்கூடிய வங்கி அட்டை தேவை. பதிவில் இடும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முதலெழுத்தா முழுப் பெயரா என்ற குழப்பம் நம்மவர்க்கு அடிக்கடி வருவதால், கடவுச்சீட்டை முன்னால் வைத்துக்கொண்டே பதிவுசெய்யுங்கள். வீட்டிலிருந்தும் இப்பரீட்சையை எழுதலாம், ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, இணைப்பும் அறுபடக்கூடாது. பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில், மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத பருவத்தில், பரீட்சை நிலையத்துக்குப் போவதே பாதுகாப்பானது. அப்படியானால் முதல்நாள் பகலிலேயே கொழும்பை அடைந்து இரவில் உறங்கிவிட்டுப் போங்கள்.

புள்ளி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். மீண்டும் எழுத விரும்பினால் குறைந்தது 16 நாள் இடைவெளி வேண்டும் என்பதால், கல்லூரியின் விண்ணப்ப முடிவுத் திகதியிலிருந்து இரண்டு மாதமாவது முந்திய நாளொன்றை முதல் முயற்சிக்குத் தெரிவுசெய்யுங்கள்.