தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரி: நியூட்ரல் போடாமல் இறங்குவது எப்படி

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் என்.ஹெச். 44-இல் தொப்பூர் கணவாய், லோடு லாரிகளைப் பலமுறை காவு வாங்கிய இறக்கம். திம்பம் மலைப்பாதை மாதிரி 27 கொண்டை ஊசி வளைவெல்லாம் இங்கே கிடையாது, ரோடும் அகலம், அதனால்தான் புதுசாக ஓட்ட வருகிறவர்களுக்கு வண்டி எவ்வளவு வேகம் எடுத்துவிட்டது என்பதே லேட்டாகத்தான் உறைக்கிறது.

முதலில் அந்த நியூட்ரல் கதையை முடித்துவிடலாம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போதைய பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும். ஆக மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிமானமும் இல்லை. சாவியையே ஆஃப் பண்ணி இறங்குகிறவர்களை என்ன சொல்ல? லாரி பிரேக் பிடிப்பதே அழுத்திய காற்றால்தான்; அந்த ஏரை ஏற்றும் கம்ப்ரஸர் ஓடாது, மிதிக்க மிதிக்க ஏர் இறங்கும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

பிரேக் மேல் விழும் பாரத்துக்கு ஒரு கணக்கு: 28 டன் எடையுள்ள பத்துச் சக்கர வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வருகிற சூட்டில் சுமார் 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இன்ஜின் பங்கு வாங்கவில்லை என்றால் அத்தனை சூடும் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மில்தான் இறங்கும். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் சூடேறினால் பிடிக்காது, எவ்வளவு ஏர் இருந்தாலும்.

அதனால் வேலை இறக்கத்துக்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. மேலே ஓரமாக, சமமான இடத்தில் நிறுத்துங்கள். ஏர் முழுசாக ஏறட்டும், இன்ஜினை நிறுத்தி ஒரு நிமிஷம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கேஜைப் பாருங்கள்; முள் கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ லீக், அதைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவதும் இதோடு சேர்ந்ததுதான்.

சரி, கியர். ஏறும் கியரிலேயே இறங்கு என்பது பழைய கணக்கு. இப்போதைய இன்ஜின்களுக்கு அதைவிட ஒரு கியர் குறைவாகவே பிடிக்க வேண்டியிருக்கும். முக்கியமானது, இறக்கம் தொடங்குமுன்பே மாற்றிவிடுவது. வேகம் எடுத்த பிறகு கீழ் கியர் விழாது, நடுவில் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், காலி வண்டி, மழை ரோடு என்றால் மட்டும் வேண்டாம், பின் சக்கரம் வழுக்கும்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவது பத்திரம் போலத் தெரியும், டிரம்மைக் காய்ச்சுவதே அதுதான். நீங்கள் வைத்திருக்கும் வேகம் 40 என்றால், 40-ஐத் தொட்டதும் நன்றாக அழுத்தி 30-க்குக் கொண்டுவந்து, அப்புறம் முழுசாக விடுங்கள். திரும்ப 40 வரும்போது மறுபடி. படபடவென்று மிதித்தால் ஏர்தான் காலியாகும்.

லைனிங் கருகுகிற வாசனை வந்தாலோ, மிதி பழைய அளவுக்குப் பிடிக்கவில்லை என்றாலோ, பிடிக்கும்போதே ஓரம் கட்டிவிடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், டிரம் ரொம்பக் காய்ந்திருந்தால் ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிரம் விரிசல் விடும்.

பிடிக்கவே இல்லையென்றால் கியரை விடாதீர்கள், ஹாரனும் நாலு இண்டிகேட்டரும் போட்டு, மண்மேடோ ஏற்றமோ மலைப்பக்கச் சரிவோ எது கிடைக்கிறதோ அதில் ஒதுக்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

கீழே வந்து டீக்கு நிறுத்தும்போது ஒரு சுற்று நடந்து, புறங்கையை ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில், டிரம்மைத் தொடாமல், கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது இத்தனை நேரம் பிடிக்கவே இல்லை. மெக்கானிக்கிடம் எந்தச் சக்கரம் என்று சொல்லிக் காட்டுங்கள்.