அரசியல்வாதி மீது குற்றச்சாட்டு எழும்போது எதைக் கேட்கலாம், எதை விடவேண்டும்

உள்ளூராட்சி சபையின் வாகனம் உறுப்பினர் ஒருவரின் சொந்த விழாவுக்காக நிலாவெளிக்குப் போனதாகத் திருகோணமலையில் பேச்சு அடிபடுகிறது என்று வையுங்கள். முகநூலில் பகிர்வதற்கு முன், இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்.

“ஏன் போனது?” என்று கேட்டால் பதில் மழுப்பலாகத்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: வாகன இலக்கம், திகதி, அன்றைய ஓட்டப் பதிவு, எரிபொருள் பற்றுச்சீட்டு, அனுமதித்தவரின் கையொப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை. கடிதம் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றைக் கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பிறகு நாட்கணக்கைக் காட்ட முடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (சபையில் மேன்முறையீட்டைக் கேட்பவர்) மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அந்த உறுப்பினரின் மருத்துவ அறிக்கையையோ குடும்ப விவரத்தையோ சேர்த்துக் கேட்காதீர்கள். பிரிவு 5(1)(அ) பொதுப்பணியோடு தொடர்பற்ற தனிப்பட்ட தகவலைக் காக்கிறது. மறுப்புக்கு நீங்களே வழி திறந்துவிடுவீர்கள். பொதுநலன் மேலோங்கினாலோ அவரே எழுத்தில் சம்மதித்தாலோதான் அந்தத் தடை விலகும்.

சொத்து பற்றிய சந்தேகமா? இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் சொத்து வெளிப்படுத்தல்களைத் தேடுங்கள். சில விவரங்கள் மறைக்கப்பட்டிருக்கும்; அதைக் களவென்று எழுதுவது அநியாயம். பிள்ளைகளின் படங்களை எந்தக் காரணத்துக்காகவும் பகிரவேண்டாம்.