புயல் காலத்தில் படகைச் சிங்கப்பூரில் நிறுத்திவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட பயணத்தின் நடுவே, புயல் காலம் கழியும்வரை பாய்மரப் படகைச் சிங்கப்பூரில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்வருவது நல்ல முடிவுதான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் காற்றைச் சுழலவைக்கும் பூமியின் விசை மிகக் குறைவு. அதனால் சூறாவளி இங்கே உருவாவது அரிது. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் ஜோகூரில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே கரையேறியது. அது விதிவிலக்கு. நான்கைந்து மாதம் ஆளில்லாமல் கிடக்கும் படகை இங்கே கெடுப்பவை மழையும் புழுக்கமும் வெயிலும். புயலை மட்டும் மனத்தில் வைத்து நாலு கயிறு கூடுதலாகக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வரும்போது பில்ஜில் (படகின் அடித்தளப் பள்ளத்தில்) தண்ணீரும் மெத்தையில் பூஞ்சணமும் செத்த பேட்டரியும்தான் காத்திருக்கும்.

புறப்படும் நாளை முடிவு செய்யாமல் படகை நிறுத்துவது

எவ்வளவு காலம் நிறுத்துவது என்பதை அடுத்து எந்தக் கடலுக்குள் போகிறோம் என்பதே முடிவு செய்யும். மேற்கே இலங்கை, மாலத்தீவு என்று போவதானால் வடகிழக்குப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளும். நாகப்பட்டினத்துக்கும் கடாரத்துக்கும் இடையே ஓடிய கப்பல்கள் காத்திருந்ததும் இந்தக் காற்று மாற்றத்துக்காகத்தான். ஆனால் அந்தக் காற்று தொடங்கிய உடனே கிளம்புவது தவறு. வங்கக் கடலில் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை புயல் காலம். ஒக்கி 2017 நவம்பர் இறுதியில் வந்தது, கஜா 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்தது, தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர் 22-23 இரவில். ஆகவே ஜனவரி பிறந்த பிறகு கிளம்பி, மார்ச் முடிவதற்குள் இலங்கைப் பக்கம் போய்விடுவது பாதுகாப்பானது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மறுபடியும் புயல் வாய்ப்பு வந்துவிடும். தெற்கு இந்தியப் பெருங்கடல் என்றால் கணக்கு வேறு: அங்கே நவம்பர் முதல் ஏப்ரல்வரை ஆகாது.

புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்று வாரத்துக்கு முன்பே படகு தண்ணீரில் இறங்கியிருக்குமாறு திட்டமிடுங்கள். படகைத் தரையில் ஏற்றும் நாளிலேயே தண்ணீரில் இறக்கும் நாளையும் பதிவு செய்துவிடுவது நல்லது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ சீனப் புத்தாண்டு வரும். சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் பட்டறைகள் பல நாள் மூடியிருக்கும், வேலையாட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த வாரத்தில் ஒரு குழாய் மூட்டு வாங்கக்கூட அலைய வேண்டியிருக்கும்.

தண்ணீரிலா தரையிலா என்பதை வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்வது

செந்தோசா கோவ், கெப்பல் பே மரினாக்களில் மிதவைத் துறைகள் உண்டு. துவாஸ் ராஃபிள்ஸ் மரினாவில் படகைத் தூக்கித் தரையில் வைக்கவும் வசதி உண்டு. தரையிடம் சிங்கப்பூரில் குறைவு என்பதால் பலர் பங்கோர், லங்காவி பக்கம் போய்விடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆள் இல்லையென்றால் தரையே மேல் என்பது எங்கள் கருத்து. இந்த வெதுவெதுப்பான கடலில் ஓடாமல் நிற்கும் புரொப்பெல்லரில் சில வாரங்களிலேயே கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிர்) ஏறிவிடும். கரை மின்சாரத்தில் மாட்டிவைத்த படகுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மின் வயரின் எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு உலோகத் தொடர்பு ஏற்பட்டு, மற்ற உலோகத்தைக் காக்கத் தான் அரிபட வைத்திருக்கும் உங்கள் துத்தநாகக் கட்டிகள் அவர்களுக்காகவும் கரையும். தண்ணீரில்தான் விட வேண்டும் என்றால் அந்தத் தொடர்பைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் பொருத்துங்கள், புதுத் துத்தநாகம் போடுங்கள், மாதம் ஒருமுறை முக்குளிப்பவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தரையில் ஏற்றினால் அடிப்பகுதியை அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள் கழுவ வேண்டும். மறுநாள் என்றால் கொட்டலசு சிமெண்ட் போல இறுகிவிடும். பாசி தடுக்கும் பூச்சு சிலவற்றுக்குத் தண்ணீருக்கு வெளியே இருக்கக்கூடிய கால வரம்பு உண்டு. டப்பாவோடு வரும் தொழில்நுட்பத் தாளைப் பார்த்த பிறகு பூசுங்கள்.

முட்டுத் தாங்கிகளைப் பட்டறைக்காரர் பொறுப்பு என்று விட்டுவிடுவது

ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வேகம் இரு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும். படகின் எடை முழுவதும் கீலின் (படகின் அடிமுதுகெலும்பின்) கீழ் வைத்த கட்டைகளில் இறங்க வேண்டும்; பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. 12 மீட்டர் படகுக்குப் பக்கத்துக்கு மூன்றுக்குக் குறையாமல், உட்புறத் தடுப்புச் சுவர் வரும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். எதிரெதிர்த் தாங்கிகளைப் படகின் அடியில் சங்கிலியால் இணைக்க வேண்டும். சங்கிலி இல்லையென்றால் படகு அதிரும்போது தாங்கி மெல்ல வெளியே நழுவும். தரை கான்கிரீட் இல்லாமல் மண்ணாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் கனமான பிளைவுட் துண்டு தேவை, ஏனென்றால் மழையில் ஊறிய மண்ணில் கால் புதையும். தார்ப்பாயின் கயிற்றைத் தாங்கியில் கட்டவே கூடாது. காற்று தார்ப்பாயை இழுக்கும்போது தாங்கியும் கூடவே வந்துவிடும்.

சுருட்டி வைத்த முன்பாயை அப்படியே விடுவதும் பரவலான தவறு. சூறைக்காற்றில் நுனி விரிந்தால் அரை மணியில் கிழிந்துவிடும், படகையும் ஆட்டும். பாய்களைக் கழற்றி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நன்றாகக் காயவைத்து மடியுங்கள். நிழல்துணி, பிமினி (மடக்குக் கூரைத்துணி), சூரியத் தகட்டில் தளர்வான எதுவும் மேலே இருக்கக் கூடாது.

மழைத் தண்ணீர் போகும் வழியைப் பார்க்காதது

தரையில் கெட்டுப்போகும் படகுகளில் பெரும்பாலானவை மழை உள்ளே தேங்கித்தான் கெடுகின்றன. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 1978 டிசம்பர் 2 அன்று சிங்கப்பூரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பெய்தது. 3 சதுர மீட்டர் காக்பிட்டுக்கு (சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்துக்கு) அது 1,500 லிட்டருக்கு மேல். டிசம்பரில் 100 மில்லிமீட்டர் பெய்யும் நாள் புதுமையல்ல. வடிகால் துளையில் இரண்டு இலை அடைத்தாலே காக்பிட் நிரம்பி, கதவுப் பலகை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, எஞ்சினை மூழ்கடித்துவிடும். எல்லா சீகாக்கையும் (படகின் உடலிலுள்ள துளைகளை மூடும் வால்வுகளை) மூடிவிட்டுப் போகிறவர்கள் காக்பிட் வடிகாலின் சீகாக்கையும் சேர்த்து மூடிவிடுவார்கள். தரையில் நிற்கும் படகில் அது திறந்தே இருக்க வேண்டும். படகின் அடியிலுள்ள வேகமானியின் சக்கரத்தை அதன் துளையிலிருந்து கழற்றிவிட்டால் பில்ஜுக்கு இறங்கும் தண்ணீர் தானாக வெளியேறும். துளைக்குச் சல்லடை வலை ஒட்டுங்கள். இல்லையென்றால் கரப்பானும் எலியும் அதையே வாசலாக்கிக்கொள்ளும். படகை ஏற்றும்போதே முன்பக்கம் சற்று உயர வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தால் வடிகாலுக்குத் தண்ணீர் போகும் என்பதை ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிடலாம்.

தேங்கும் தண்ணீரால் இன்னொரு தொல்லை, கொசு. ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவுத் தண்ணீரும் ஒரு வாரமும் போதும். சிற்றோடத்தைக் கவிழ்த்து வையுங்கள், டயர் தடுப்புகளில் துளையிடுங்கள், தார்ப்பாய் மடிப்பில் குளம் கட்டாமல் நடுவில் உயர்த்திக் கட்டுங்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் படகு உரிமையாளருக்கும் உண்டு.

படகை இறுக மூடிவைப்பது

இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மூடிய அறைக்குள் பூஞ்சணம் பிடிக்க இரண்டு வாரம் கூட ஆகாது. எல்லா அலமாரிக் கதவையும் திறந்து வையுங்கள், மெத்தைகளைச் சுவரில் ஒட்டாமல் நிமிர்த்துங்கள், குளிர்பெட்டியின் கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணி செருகுங்கள், சுவர்களை வினிகரால் துடையுங்கள். கால்சியம் குளோரைடு நிரப்பிய ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை ஆளில்லாத படகில் வைக்காதீர்கள். அவை சில வாரத்தில் நிரம்பி வழியும், வழிகிற உப்புநீர் பட்ட உலோகமெல்லாம் அரிக்கும். மின்சாரம் இருந்தால் ஈரம் நீக்கும் இயந்திரத்தின் குழாயைக் கழுவுதொட்டிக்குள் விட்டு, அதன் வடிகாலைத் திறந்து வையுங்கள்.

பேட்டரி, டீசல், நீர்

ஈய அமில பேட்டரி 25 பாகையில் மாதத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு தானாகவே இழக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெயிலில் மூடிக்கிடக்கும் படகுக்குள் 40 பாகை சாதாரணம். 12.4 வோல்ட்டுக்குக் கீழே பல வாரம் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து மீளாது. சிறு சூரியத் தகடும் கட்டுப்படுத்தியும் போதும், ஆனால் தண்ணீர் ஊற்றும் வகையென்றால் மாதம் ஒருமுறை மட்டம் பார்க்க ஆள் வேண்டும். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், இணைப்பைக் கழற்றி விடுங்கள்.

டீசல் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி, கிருமிக்கொல்லி கலந்துவிட்டு, அந்தக் கலவை குழாய்கள் வரை போகும்படி எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டுங்கள். மலேசிய டீசலில் பாம் எண்ணெய்க் கலவை உண்டு. அது ஈரத்தை அதிகம் இழுக்கும். எஞ்சின் ஆயிலைப் போகும் முன்பே மாற்றுங்கள், திரும்பி வந்து மாற்றலாம் என்பது தவறு. பழைய ஆயிலின் அமிலம் அத்தனை மாதமும் பேரிங்கைத் தின்னும். கடல்நீர்ப் பாதையை நல்ல தண்ணீரால் அலசி, இம்பெல்லரை (கடல்நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தை) கழற்றிச் சாவிக்கொத்தோடு கட்டிவையுங்கள், மறக்காமல் இருக்க.

கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியைச் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரால் நேரடியாக அலசக் கூடாது. அதிலுள்ள குளோரமைன் சவ்வைக் கெடுக்கும். கரி வடிகட்டி வழியாக அலசிய பிறகு சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை நிரப்புங்கள்.

தாள்கள்

படகின் அனுமதியும் உங்கள் வருகை அனுமதியும் வெவ்வேறு. கடல் வழியாக வந்தவர் சாங்கி விமான நிலையம் வழியாகப் போவதானால் மாலுமிப் பட்டியலிலிருந்து முறைப்படி பெயர் நீக்க வேண்டும். திரும்பும்போது ஒருவழி டிக்கெட்டோடு வந்தால் விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம். படகு தங்களிடம் நிற்கிறது என்று மரினா தரும் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். காப்பீட்டில் ஆளில்லாத படகை எத்தனை நாளுக்கு ஒருமுறை யார் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

இறக்கும் நாளில் அவசரப்படுவது

முதல் நாளே வேகமானியை மாட்டி, இம்பெல்லரைப் பொருத்தி, சீகாக் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள். குழாய்க் கவ்விகளை விரலால் அசைத்தால் துரு தெரியும். டிராவல் லிஃப்ட் (படகைப் பட்டைகளில் தூக்கும் நகரும் கிரேன்) படகைத் தண்ணீரில் இறக்கியதும் பட்டைகளை விட்டுவிட அவசரப்படுத்துவார்கள். பட்டை தொங்கும் நிலையிலேயே உள்ளே போய்க் கசிவைப் பாருங்கள். புரொப்பெல்லர் தண்டில் ரப்பர் பெல்லோஸ் வகை அடைப்பு இருந்தால் அதைக் கையால் அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் எஞ்சினை கியரில் போட வேண்டும். காற்றோடு சுற்றினால் அந்த அடைப்பு சில நிமிடத்தில் சூடாகிக் கருகும்.