பழைய கேசட்டில் உங்கள் கிதார்: கை வேகத்தை மெச்சும் முன் டேப்பின் வேகத்தைச் சரிபாருங்கள்

இருபது வயதில் வீட்டில் பதிந்த கிதார் கேசட்டைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "அப்போது என்ன வேகமாக வாசித்திருக்கிறேன்!" கிருஷ்ணகிரி பழையபேட்டை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய கேசட்டுகள் எனக்கும் அப்படித்தான் கேட்டன. அந்த வேகத்தில் ஒரு பங்குதான் கைக்குச் சொந்தம். மீதி பேட்டரிக்குச் சொந்தம். அன்றைய வாசிப்பையும் இன்றைய வாசிப்பையும் ஒப்பிட வேண்டுமானால் இந்தக் கணக்கை முதலில் தீர்க்க வேண்டும். ஆடாசிட்டி என்னும் இலவச ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவுவது, பிளே பட்டனை அழுத்துவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: கருவி

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கையடக்க யூ.எஸ்.பி. கேசட் பிளேயர்களை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் பலவற்றில் டேப் சீராக ஓடாது, சுருதி நடுங்கும். நீண்டு ஒலிக்கும் ஒற்றைக் கம்பியில் அந்த நடுக்கம் விப்ராட்டோ போலவே கேட்கும். "அப்போதே கமகம் கொடுத்திருக்கிறேனே" என்று நீங்கள் பூரித்துப்போகலாம். உண்மையில் கமகம் கொடுத்தது மோட்டார்.

மேசையில் வைக்கும் பழைய கேசட் டெக் ஒன்றைத் தேடுங்கள். உள்ளே டேப்பை ஓட்டும் ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும். பெங்களூருவின் மின்னணுச் சாமான் சந்தையான எஸ்.பி. ரோட்டில் தேடினால் புது பெல்ட் கிடைக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பழைய பெல்ட் அறுந்திருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள், அளவைச் சொல்லி வாங்குவது வீண் வேலை. டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் போதும். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டுப் பாருங்கள்.

கேசட்டின் ஜன்னல் வழியே டேப்பின் ஓரங்களைப் பாருங்கள். வெண்பொடி போலப் பூஞ்சை படிந்திருந்தால் அதை ஓட்ட வேண்டாம். நன்றாக இருந்தால் கடைசிவரை முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

படி 2: ஹெட்டின் கோணம்

ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் கோத்த சிறு திருகு ஒன்று இருக்கும். பதிந்த கருவியின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லையென்றால் கிதார் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகக் கேட்கும். திருகு இப்போது நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கேசட் ஓடும்போதே மெல்லத் திருப்புங்கள். கம்பியை மீட்டும் பிக் (சிறு தகடு) கம்பியில் படும் 'டிக்' ஓசை எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

படி 3: பதிவு

44,100 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. அதிகபட்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரப் பக்கம் ஒன்று ஸ்டீரியோவில் சுமார் 475 எம்.பி. பிடிக்கும்.

இரைச்சல் நீக்கும் வசதியை இப்போது தொடவே கூடாது. அது 'உஸ்' சத்தத்தோடு சேர்த்து, விரல் கம்பியில் வழுக்கும் கீச்சொலியையும் தின்றுவிடும். இடது கை எப்படி நகர்ந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள சாட்சியே அந்தக் கீச்சொலிதான்.

படி 4: வேகம்

அதிக நேரத்தை விழுங்கிய படி இது. கேசட் டேப் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். மின்வெட்டு மாலைகளில் பேட்டரி போட்டுப் பதிந்தோம் அல்லவா? பேட்டரி இறங்கியதும் மோட்டார் தளர்ந்து, டேப் 4.5 செ.மீ. வேகத்தில் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே டேப் இன்று சரியான டெக்கில் 4.76-இல் ஓடும்போது சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும். கூடவே தாளமும் ஓடும்: நிமிடத்துக்கு 100 தட்டாக வாசித்தது 106 ஆகிவிடும். மெதுவாகப் பதிந்தால் வேகமாகக் கேட்கும். தலைகீழாகத் தோன்றினாலும் கணக்கு இதுதான்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, மாறாத சுருதி ஒன்று டேப்பிலேயே வேண்டும். கிதாரின் ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ் என்பதை நம்ப வேண்டாம். பாடுபவர் குரலுக்காகக் கம்பிகளை இறக்கிக் கட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. என் கேசட்டுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சுருதிக்குழலை ஊதும் சத்தம் இருந்தது. அந்தக் குழல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை இன்று ஊதி, செல்போன் டியூனர் செயலி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டேப்பில் உள்ள ஊதலுக்கும் அதே செயலியைக் காட்டுங்கள். இன்று 331, டேப்பில் 350 என்றால், 331-ஐ 350-ஆல் வகுக்க 0.946 வரும். குழல் இல்லாதவர்கள், கிதாரோடு சேர்ந்து ஒலித்த ஹார்மோனியத்தையோ கீபோர்டையோ பிடித்துக்கொள்ளலாம்.

ஆடாசிட்டியில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' என்பதில் அந்த எண்ணைக் கொடுங்கள். 'சேஞ்ச் பிட்ச்', 'சேஞ்ச் டெம்போ' என்று தனித்தனியாகவும் இருக்கின்றன. அவை சுருதியை மட்டும், அல்லது தாளத்தை மட்டும் மாற்றும். நமக்கு இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். பேட்டரி தீரத் தீர வேகம் மாறிக்கொண்டே போயிருக்கும் என்பதால் பக்கம் முழுவதற்கும் ஒரே எண்ணைப் போடாமல் பாட்டுக்குப் பாட்டு அளந்து போடுங்கள்.

பின்னணியில் வரும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை அளவுகோலாக வைக்கச் சிலர் சொல்வார்கள். பேட்டரியில் பதிந்ததில் அது இருக்கப்போவதில்லை. கரண்டில் பதிந்திருந்தாலும், நம் தென்மண்டல மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதற்கு முந்தைய காலத்து அதிர்வெண் 50-இல் அசையாமல் நின்றதாக எடுத்துக்கொள்ள முடியாது.

படி 5: ஒப்பிடுதல்

அதே பாட்டை இன்று ஒருமுறை வாசித்துப் பதியுங்கள். வேகம் சரிசெய்த பழைய பதிவை உட்கார்ந்து கேட்கும் முன்பே பதிந்துவிடுங்கள், இல்லையென்றால் கை அதைப் பார்த்து எழுதும்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். உள்ளேயே மைக் வைத்த அந்தக்கால டேப் ரெக்கார்டர்களில் ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் சுற்று இருந்தது. ஓங்கி வாசித்தால் அமுக்கும், மெல்ல வாசித்தால் தூக்கும். எல்லாமே ஒரே சத்தமாகக் கேட்பதால் 'முரட்டுக் கை' என்று உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

நம்பத்தக்கது நேரம். எஃப் கார்டு (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரும் இடங்களை மட்டும் பெரிதாக்கி அலைவடிவத்தைப் பாருங்கள். என் பழைய பதிவில் ஒவ்வொரு எஃப்புக்கும் முன்னால் சின்னப் பள்ளம் ஒன்று தெரிகிறது: ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்தத் தயங்கிய நேரம் அது. அந்தத் தயக்கத்தை ஈடுகட்ட அடுத்த இரண்டு தட்டும் முந்திக்கொண்டு ஓடுகின்றன. இன்றைய பதிவில் பள்ளம் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆனால் ஒற்றைக் கம்பியில் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு நீளமாக இழுத்துப்போகும் பழக்கமும் காணோம். அதை எப்போது விட்டேன் என்று எந்தக் கேசட்டும் காட்டவில்லை. வேகத்தைச் சரிசெய்த பிறகு பார்த்தால், இரண்டு பதிவுகளுக்கும் தாளத்தில் பெரிய வித்தியாசமே கிடையாது.

பிற்சேர்க்கை: ஓசூர் வாசகர் ஒருவர் தம் லேப்டாப்பில் எதுவுமே பதிவாகவில்லை என்று எழுதியிருந்தார். இப்போதைய பல லேப்டாப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளைதான். டெக்கின் சாதாரண ஸ்டீரியோ பின்னை அதில் செருகினால் ஹெட்போன் என்று நினைத்துக்கொள்ளும். லைன்-இன் (டெக்கின் ஒலியை உள்வாங்கும் துளை) உள்ள சிறிய யூ.எஸ்.பி. ஆடியோ கருவி ஒன்றை இடையில் போடுங்கள்.

இன்னொருவருக்குப் பதிவாகிறது, ஆனால் நீண்டு ஒலிக்க வேண்டிய கம்பி பாதியிலேயே அறுந்துபோகிறது. டேப்பின் மேல் பழி இல்லை. விண்டோஸ் அமைப்புகளில் 'ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். நீடிக்கும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அது வெட்டுகிறது. அதை நிறுத்திவிட்டுப் படி 3-லிருந்து மறுபடி பதியுங்கள்.