கழிவு டிரம்மில் புளூட்டோனியம்: நியூட்ரான் உணரி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரம்மைத் திறக்காமலேயே உள்ளே எத்தனை கிராம் புளூட்டோனியம் இருக்கிறது என்று அறிய வேண்டும். காமா கதிர்கள் பெருமளவு உலோகத்திலும் கசடிலும் சிக்கிக்கொள்ளும். நியூட்ரான்கள் தப்பி வெளியே வரும். அவற்றை எண்ணினால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

புளூட்டோனியம்-239 பெரும்பங்காக இருந்தாலும் அது தானாகப் பிளவுறுவது மிக அரிது. நியூட்ரான்களைத் தருவது முக்கியமாகப் புளூட்டோனியம்-240. ஒரு கிராமுக்கு நொடிக்கு ஏறத்தாழ 1,020. எனவே ஐசோடோப் விகிதத்தைக் காமா நிறமாலையால் தனியே அறியாமல் மொத்தப் புளூட்டோனியத்தைச் சொல்ல முடியாது. போதாததற்கு, புளூட்டோனியம் உமிழும் ஆல்பா துகள்கள் ஆக்சிஜனையோ ஃபுளூரினையோ தாக்கும்போதும் நியூட்ரான்கள் பிறக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொன்றாக வருபவை. பிளவில் பிறப்பவையோ கூட்டமாக வருபவை. ஆகவே எண்ண வேண்டியது ஒரே நேரத்தில் வரும் இணைகளை.

இணைகளை எண்ணும்போது உணர்திறனில், அதாவது வெளிவரும் நியூட்ரான்களில் பதிவாகும் பங்கில், கஞ்சத்தனம் கூடாது. இணை எண்ணிக்கை உணர்திறனின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது: 20 சதவீதத்தை 40 ஆக்கினால் இணைகள் நான்கு மடங்காகும். அதற்காக, நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்து உணரியில் பதியவைக்கும் பாலிஎத்திலீனைத் தடிமனாக்கிக்கொண்டே போவதும் சரியல்ல. நியூட்ரான்கள் கருவிக்குள் நெடுநேரம் அலைந்தால், தொடர்பில்லாதவையும் இணைபோலப் பதிவாகிவிடும். உட்சுவரில் காட்மியத் தகடு இந்த அலைச்சலைக் குறைக்கும். வேகம் தணிந்த நியூட்ரான்கள் டிரம்முக்குத் திரும்பி மீண்டும் பிளவைத் தூண்டாமலும் தடுக்கும்.

மிகப் பெரிய தவறு, என் கணிப்பில், காலி டிரம்மை வைத்துக் கருவியை அளவுத்திருத்தம் செய்துவிட்டு ஓய்வதுதான். உள்ளே காகிதம், பிளாஸ்டிக், கையுறை, ஈரக் கசடு என ஹைட்ரஜன் நிறைந்தவை கிடக்கும். அவை நியூட்ரான்களைத் தணித்து விழுங்க, புளூட்டோனியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நடுவில் இருக்கும் கட்டியும் ஓரத்தில் இருக்கும் கட்டியும் ஒரே எண்ணைத் தராது. டிரம்மைச் சுழற்றுவது பக்கவாட்டு வேறுபாட்டைச் சமன்செய்யும். மையத்துக்கும் ஓரத்துக்கும் இடையிலான வேறுபாட்டைத் தீர்க்காது. நியூட்ரான் உமிழும் சிறிய கலிஃபோர்னியம்-252 மூலத்தை டிரம்முக்கு வெளியே வைத்து, காலி டிரம்மோடு ஒப்பிட்டுத் திருத்தம் காண்பதற்கு முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். பிறகு இடம் கிடைக்காது.

கியூரியம்-244 இருக்கக்கூடிய கழிவு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் 0.1 மில்லிகிராம், ஒரு கிராம் புளூட்டோனியம்-240 அளவுக்கு நியூட்ரான்களை உமிழும். அதுவும் பிளவால் என்பதால் இணை எண்ணலாலும் பிரிக்க முடியாது. கழிவின் வரலாறு தெரியாமல் எண்ணை நம்பாதீர்கள்.

குறைந்த அளவுகளில் இன்னொரு தொல்லை: காஸ்மிக் கதிர்கள் ஈயத்தையும் இரும்பையும் தாக்கி நியூட்ரான்களைக் கொத்தாகச் சிதறடிக்கும். அது பிளவைப் போலவே தோன்றும். கவசத்துக்காகக் கனமான ஈயத்தைச் சுற்றிலும் அடுக்குவது இந்தப் பின்னணியைக் கூட்டவே செய்யும். காமா வலுவாக உள்ள இடத்தில் அது தவிர்க்க முடியாததாகலாம். மற்ற இடங்களில் அடுக்க வேண்டாம்.

நியூட்ரான் உணரும் குழாய்களில் நிரப்பும் ஹீலியம்-3 வாயு கிடைப்பது அரிதானதால் போரான் பூசிய குழாய்களை மாற்றாக வைப்பவர்கள் உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினால் உணர்திறன் குறையும். இணைகளில் அந்த இழப்பு வர்க்கமாகப் பெருகும். குழாய்களின் எண்ணிக்கையையும் அடுக்கையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.