ஆலோசகர் சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி?

ஆலோசகர் தந்த அறிக்கையில் பரிந்துரைகள் நிறைய இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பிரின்டிங் செய்து கொடுக்கும் ஒரு சிறிய யூனிட் உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். 'வசூலை வேகப்படுத்துங்கள்' என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: எண்ணாக மாற்றுங்கள்

வரவேண்டிய பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து, 365-ஆல் பெருக்குங்கள். விற்பனை 1 கோடியே 20 லட்சம், பாக்கி 30 லட்சம் என்றால் சுமார் 91 நாள் வரும். மூன்று மாத உழைப்பு கடனில் நிற்கிறது. இதை 60 நாளாகக் குறைத்தால் பாக்கி ஏறக்குறைய 20 லட்சத்துக்கு இறங்கும். 10 லட்சம் கைக்கு வரும். இப்போது இலக்கு தெளிவாகிவிட்டது.

படி 2: பணம் எங்கே நிற்கிறது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பாக்கிப் பட்டியலை 30, 60, 90 நாள் என்று பிரித்துப் பாருங்கள், டேலி கணக்கு மென்பொருளிலேயே எடுக்கலாம். பழைய பில் ஒவ்வொன்றுக்கும் தாமதம் ஏன் என்று பக்கத்தில் எழுதுங்கள். பார்ட்டி, அதாவது பணம் தர வேண்டிய வாடிக்கையாளர், இழுத்தடிப்பது மட்டுமே காரணமாக இருக்காது. சரக்கு போய்ப் பத்து நாள் கழித்துப் பில் போயிருக்கும். டெலிவரி சலானில் ஒரு பீஸ் கணக்கு, பில்லில் வேறு கணக்கு என்று அவர்கள் அக்கவுண்ட்ஸில் முடங்கியிருக்கும். இவை இரண்டும் நம் பக்கத்துக் கோளாறுகள், யாரிடமும் கெஞ்சாமல் சரிசெய்யக்கூடியவை. இங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 3: ஆளும் நாளும்

'பில்லிங்கை மேம்படுத்த வேண்டும்' என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். 'சரக்கு வெளியேறும் அன்றே, சலானைச் சரிபார்த்துப் பில் போடுவது: கணக்கு பார்ப்பவர் பொறுப்பு' என்று எழுதி ஒட்டுங்கள். பாக்கி கேட்டுப் போன் செய்வது செவ்வாய்க்கிழமை இருக்கட்டும். வெள்ளி, சனியில் அவர்களும் வாரச் சம்பளத்துக்குப் பணம் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

படி 4: சட்டம் தரும் பலம்

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. வருமான வரிச் சட்டப்படியும், கெடு தாண்டிய தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். அதனால் நிதியாண்டு முடியும் மார்ச் நெருங்கும்போது இதை நினைவுபடுத்தினால் காது கொடுப்பார்கள். தாமதப் பணத்துக்கான அரசின் இணையதளத்தில் புகார் செய்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளையும் அதே பார்ட்டியிடம்தான் வேலை வாங்க வேண்டும்.

படி 5: வாரம் ஒரு பார்வை

முதல் படியில் எத்தனை நாள் என்று போட்ட கணக்கை வாரா வாரம் மறுபடி போட்டுப் பலகையில் எழுதுங்கள். இரண்டு மாதமாகியும் எண் அசையவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள், பட்டியலோடு ஆலோசகரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எண் இறங்கி நிலைத்த அப்புறம் அறிக்கையின் அடுத்த வரியை எடுக்கலாம்.